அறுபதைத் தாண்டியவர் ஏணியைத் தொடும் முன்: வீட்டு உயர வேலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்கு 68 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடி வைத்த வீடு. மொட்டை மாடி, படிக்கட்டு அறை, அதன் தலையில் தண்ணீர் டேங்க், பின்பக்கம் சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகை, ஒரு முருங்கை மரம். இவ்வளவும் இருந்தால் வருஷத்தில் பத்துப் பதினைந்து முறையாவது எதன் மேலாவது ஏற வேண்டியிருக்கும்.

நான்கு வருஷத்துக்கு முன் ஏணியிலிருந்து இறங்கும்போது, தரை வந்துவிட்டது என்று நினைத்துக் கையை விட்டுவிட்டேன். இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. விழுந்த உயரம் ஒன்றரை அடிகூட இருக்காது. மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. வேலை செய்வதை அதன்பிறகும் விடவில்லை. செய்கிற வரிசையை மாற்றிக்கொண்டேன். வேலை ஓய்வுக்குப் பிறகு ஊர் திரும்பிய நண்பர்கள் சிலருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தும் பார்த்துவிட்டேன். அவர்கள் தடுமாறிய இடம் ஒன்றுதான்: நேராக ஏணியை எடுக்கப் போய்விடுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் ஏணியில் கால் வைப்பதே ஏழாவதாகத்தான் வரும்.

1. ஏறித்தான் ஆக வேண்டுமா?

ஒரு காகிதத்தில் வீட்டில் இருக்கும் உயர வேலைகளை எல்லாம் எழுதுங்கள். பிறகு மூன்றாகப் பிரியுங்கள்: கீழே நின்றே முடிவது, நான் ஏறலாம் என்பது, ஆள் வைத்தே ஆக வேண்டியது. ஒரே ஒரு முறை செய்தால் போதும். எழுதிய பிறகுதான் முதல் பட்டியல் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

முருங்கைக்காயைத் தொரட்டியால் பறிக்கலாம். முருங்கைக் கிளை சொல்லாமல் முறியும். அதன் மேல் ஏணியைச் சாய்ப்பதும் ஏறுவதற்குச் சமம்தான். ஒட்டடைக்கு நீளக்கம்பு இருக்கிறது. பல்பு மாட்டக் கம்பு முனையில் கவ்வி வைத்த கருவி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். டேங்க் நிறைந்ததா என்று எட்டிப் பார்க்க ஏறுகிறவர்கள், தண்ணீர் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் கருவியை ஒரு முறை பொருத்திவிட்டால் வருஷத்தில் பல ஏற்றங்கள் மிச்சம். பரணில் இருப்பதில் அடிக்கடி தேவைப்படுவதை இப்போதே கீழ் அலமாரிக்கு மாற்றுங்கள். மீதியில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. அம்மாவின் பித்தளை அண்டாவை வருஷத்துக்கு ஒரு முறை இறக்கித் துலக்கித் திரும்ப ஏற்றுவதை நானும் இருபது வருஷம் செய்திருக்கிறேன்.

மூன்றாவது பட்டியலில் நான் வைத்திருப்பவை: தென்னை மரம், ஷீட் கூரை, சன்ஷேடு மேல் நின்று செய்வது, வெளிச்சுவர் பெயிண்ட், சர்வீஸ் ஒயர் பக்கத்தில் எதுவானாலும், கைப்பிடிச் சுவர் இல்லாத டேங்க் தளம். அதோடு, பாதம் ஆறு அடிக்கு மேல் போக வேண்டிய எந்த வேலையும். இந்த ஆறு அடி நானாக வைத்துக்கொண்ட கணக்கு. உங்களுக்கு நான்கு அடி சரியாக இருக்கலாம். வேலையைப் பார்க்கும்போது அளவை மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

ஆள் வைத்தாலும் கீழே உள்ள விதிகள் அவருக்கும் சேர்த்துத்தான். குடித்துவிட்டு வந்தவரை, வேலை நின்றாலும் பரவாயில்லை என்று திருப்பி அனுப்பிவிடுங்கள்.

2. அன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

"நேற்றுகூட ஏறினேனே" என்பது இந்த வயதில் செல்லாது. ஒவ்வொரு நாளும் தனி நாள்.

சுவர் ஓரமாக நின்று, ஒரு காலைத் தூக்கிப் பத்து விநாடி எண்ணுங்கள். பிறகு மறு கால். பத்து வருவதற்குள் கை சுவரைத் தேடினால் அன்றைக்கு ஏணி வேண்டாம். ஏணியில் அடுத்த படிக்குக் காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு ஒற்றைக் காலில்தான் நிற்கிறது, அதனால்தான் இந்தச் சோதனை.

வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால் உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள். எழுந்து நின்றதும் ஒரு முறை, மூன்று நிமிஷம் நின்ற பிறகு ஒரு முறை. மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், நிமிர்ந்ததும் மூளைக்கு ரத்தம் சரியாக ஏறவில்லை என்று அர்த்தம். டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது. பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை, சளிக்குப் போடும் மாத்திரை, எதுவும் இந்தக் கிறுகிறுப்பைக் கொண்டுவரலாம். அதற்காக ஏணி ஏறும் நாளில் மாத்திரையை நிறுத்துகிற புத்திசாலித்தனம் வேண்டாம். வேலையைத்தான் நிறுத்த வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது. புரட்டாசி சனிக்கிழமை விரதமும் ஃபேன் துடைப்பதும் ஒரே நாளில் வேண்டாம். பாதத்தில் மரமரப்பு இருந்தால் படியின் விளிம்பு காலுக்குத் தெரியாது. அவர்களுக்கு எல்லாமே மூன்றாவது பட்டியல்தான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அப்படியே. சின்ன அடிகூட உள்ளே ரத்தம் கசிய வைக்கும்.

கண்ணாடிதான் பலர் யோசிக்காதது. என் மணிக்கட்டை உடைத்ததும் அதுதான். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் போடும் கண்ணாடியில் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. இறங்கும்போது குனிந்தால் அந்தப் பாதி வழியாகத்தான் படியைப் பார்ப்போம். படி மங்கலாகி, இருக்கும் இடத்தில் இல்லாமல் தெரியும். தூரப் பார்வைக்கு மட்டும் ஒரு தனிக் கண்ணாடி செய்து ஏணியோடு வைத்துக்கொள்ளுங்கள். கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டர் சொல்லும்வரை, புதுப் பார்வை பழகும்வரை பொறுக்க வேண்டும்.

3. நாளும் நேரமும்

கடலூரிலும் புதுச்சேரியிலும் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மொட்டை மாடி வடிகுழாய் வாயைச் சுத்தம் செய்வதைச் செப்டம்பரில், தளம் காய்ந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும். 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சேரும் தண்ணீர் சுமார் 9,300 லிட்டர், அதாவது ஒன்பது டன்னுக்கு மேல். வாயில் வேப்பிலையும் பிளாஸ்டிக் கவரும் அடைத்திருந்தால் அவ்வளவும் தலைக்கு மேல் நிற்கும். அதைப் பார்த்துப் பதறி, கொட்டும் மழையில் ஒரு கையில் குடையோடு மேலே ஓடுகிறவர்கள்தான் வழுக்குகிறார்கள். வாயில் ஒரு வலைக்கூண்டு வைத்தால் அந்த ஓட்டமும் இல்லை.

பாசியையும் முன்கூட்டியே எடுங்கள். ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, கெட்டித் துடைப்பத்தால் தேய்க்க வேண்டும். தொடங்குவது மாடிக் கதவிலிருந்து. எதிர் மூலையிலிருந்து தொடங்கலாம் என்று போனால் அங்கே போய்ச் சேரவே பாசி மேல் நடக்க வேண்டும்.

நேரம் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை. பொழுது ஏற ஏறக் கடற்காற்று எழும். அகலமான எதையாவது பிடித்துக்கொண்டு ஏணியில் நின்றால் அது பாய்மரம்தான். மார்கழியில் பனி ஈரம் காயும்வரை பொறுங்கள். போகிக்கு முந்திய நாள் எல்லாவற்றையும் முடிக்க நினைப்பதால்தான் அவசரம் வருகிறது. பத்து நாள் முன்பே தொடங்கி, ஒரு நாளைக்கு ஒரு அறை.

கார்த்திகை தீபத்தன்றும் ஒரு வார்த்தை. மழைக்கால ஈரம், சிந்திய எண்ணெய், மங்கிய வெளிச்சம், புடவை. கைப்பிடிச் சுவரின் மேல் அகல் வைக்க எட்டுவதைவிட, சுவரின் உள்பக்கம் தரையில் வரிசையாக வைப்பதும் அழகாகவே இருக்கிறது.

புயலுக்கு மறுநாள் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் கரை கடந்ததும் நம் பக்கம்தான், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் கடந்ததும் நம் பக்கம்தான். காற்று ஓய்ந்ததும் எல்லாருக்கும் மேலே போய்ப் பார்க்கத் தோன்றும். ஆணி கழன்ற ஷீட்டும், மரக்கிளையில் தொங்கும் ஒயரும் கீழிருந்து சரியாகத் தெரியாது. ஒயர் அறுந்திருந்தால் தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987. புதுச்சேரிக்காரர்கள் தங்கள் பகுதி மின்துறை அலுவலக எண்ணை இப்போதே எழுதி மீட்டர் பெட்டி அருகில் ஒட்டுங்கள்.

4. ஏணியைப் பாருங்கள்

ஏணியைத் தரையில் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்துப் பார்த்தால் மேல் பாதியை யாரும் பார்ப்பதில்லை.

மூங்கில் ஏணியில் உளுத்த பொடி உதிர்கிறதா, படி சொருகிய துளையில் ஆடுகிறதா என்று பாருங்கள். மர ஏணிக்கோ மூங்கில் ஏணிக்கோ பெயிண்ட் அடிக்காதீர்கள், விரிசல் மறைந்துவிடும். அலுமினிய ஏணியில் உப்புக்காற்று கெடுப்பது பெரும்பாலும் இரும்பு போல்ட் சேரும் இடத்தை. அங்கே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் போல்டைக் கழற்றிப் பாருங்கள். காலடி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றாமல் ஏறக் கூடாது. ஏணியில் ஒட்டியிருக்கும் தாங்கும் எடையையும் பாருங்கள். உங்கள் எடையோடு கையில் கொண்டுபோகும் சாமானும் சேர்த்தி.

டேங்க் தளத்துக்குப் போகச் சுவரில் பதித்த இரும்பு ஏணிதான் நான் அதிகம் பயப்படுவது. மேலே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும், சுவருக்குள் நுழையும் இடம் துருப்பிடித்து நூலாகியிருக்கும். ஒவ்வொரு படியையும் சுத்தியலால் தட்டுங்கள். பொத்தென்று சத்தம் வந்தாலோ, துரு செதிலாக உதிர்ந்தாலோ வெல்டரைக் கூப்பிடும்வரை அது ஏணி இல்லை.

பிளாஸ்டிக் நாற்காலியைப் பற்றி ஒரு வரி: வெயிலில் கிடந்த நாற்காலியின் கால் ஆள் ஏறியதும் விரியும், அல்லது படக்கென்று ஒடியும். கட்டில் மேல் ஸ்டூல் போடுகிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

5. மின்சாரத்தை நிறுத்துங்கள்

ஃபேன், விளக்கு எதைத் தொடுவதானாலும் சுவர் சுவிட்சோடு நிற்காமல் எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் இருக்கும், தானாகவும் விழும் சுவிட்சை) இறக்குங்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் தவறான ஒயரில் கொடுத்திருப்பார்கள். சுவிட்ச் அணைந்தாலும் மேலே கரண்ட் இருக்கும். லேசான ஷாக்கால் ஆள் சாவது அபூர்வம். ஆனால் அந்த உதறலில் ஏணியிலிருந்து விழலாம்.

இறக்கிய பிறகு எம்.சி.பி. பெட்டியில் "மேலே ஆள்" என்று காகிதம் ஒட்டுங்கள். டிவி ஓடவில்லையே என்று யாராவது தூக்கிவிடுவார்கள்.

வெளியே அலுமினிய ஏணியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதுதான் ஆபத்து அதிகம். கண் முன்னால் பார்க்கும், ஏணியின் நுனி பின்னால் ஒயரைத் தேடிப் போகும். கரண்ட் கம்பிக்குக் குறைந்தது பத்து அடி தள்ளியே ஏணியின் எந்தப் பகுதியும் இருக்க வேண்டும். படுக்கைவாட்டில் இரண்டு பேராகத் தூக்குங்கள்.

6. ஏணியை நிறுத்துவதும் பிடிக்கும் ஆளும்

கணக்கு நான்குக்கு ஒன்று. ஏணி 12 அடி உயரத்தில் சாய்கிறது என்றால், அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். டேப் இல்லையா? ஏணிக் காலில் உங்கள் கால் விரல் படும்படி நின்று கையை நேராக நீட்டுங்கள். உள்ளங்கை படியைத் தொட்டால் சரி. நெட்டுக்குத்தாக வைத்தால் பின்னால் மல்லாக்கும். படுக்க வைத்தால் கால் வழுக்கி ஓடும். புதியவர்கள் பெரும்பாலும் முதல் தப்பைச் செய்வார்கள், வாசலில் இடம் இல்லை என்று.

மொட்டை மாடியில் இறங்குவதற்காக என்றால் தளத்தின் விளிம்புக்கு மேலே இன்னும் மூன்று அடி ஏணி நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஏணியிலிருந்து தளத்துக்கு மாறும் அந்த ஒரு நொடியில் பிடிக்க வேறு எதுவும் கிடையாது. மேல் முனையைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். தண்ணீர் பைப்பில் கட்டுவது கணக்கில் வராது.

தேவனாம்பட்டினம் பக்கம் மாதிரி மணல் தரை என்றால் ஏணிக்கால் ஒன்று மட்டும் புதையும். அடியில் அகலப் பலகை போடுங்கள். வழவழப்பான டைல்ஸ் மேல், தரை கீறக் கூடாது என்று கோணிப்பை போடுவார்கள். சாக்கோடு சேர்ந்து ஏணி வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த டைல்ஸில் வெறும் ரப்பர் காலே போதும். பக்கத்தில் கதவு இருந்தால் தாழ்ப்பாள் போடுங்கள்.

ஆள் இல்லாமல் ஏறாதீர்கள். பிடிப்பவர் இரண்டு கையாலும் ஏணியின் இரு பக்கங்களையும் பிடித்து, ஒரு காலைக் கடைசிப் படியில் ஊன்ற வேண்டும். அவர் கையில் போன் கூடாது. நீங்கள் விழுந்தால் தாங்கிப் பிடிக்க அவர் முயலக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு பேருக்கும் அடிபடும்.

என் வீட்டில் பிடிப்பது மனைவி. அவளிடம் நான் கொடுத்திருக்கும் அதிகாரம் ஒன்று: எப்போது வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம். "என்னங்க, எட்டாதீங்க. எறங்குங்க, ஏணியை நகர்த்தி வெச்சுக்கலாம்" என்றால் இறங்கிவிட வேண்டும். வாதம் தரையில்தான்.

7. ஏறுவதும் இறங்குவதும்

கைலி, வேட்டி, நைட்டி வேண்டாம், காலில் சிக்கும். அரைக்கால் சட்டை அல்லது சுடிதார். ஹவாய் செருப்பு வேண்டாம். குதிகாலை விட்டு விலகும். பின்னால் வார் உள்ள, அடி தட்டையான காலணி போதும்.

கையில் எதையும் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். மேலே போன பிறகு கயிறு கட்டிய வாளியில் சாமானை இழுத்துக்கொள்ளலாம். எப்போதும் இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் ஏணியில் இருக்க வேண்டும். உங்கள் தொப்புள் ஏணியின் இரு பக்கங்களுக்கும் நடுவிலேயே இருக்கட்டும். தொப்புள் வெளியே போனால் எட்டுகிறீர்கள் என்று அர்த்தம். இறங்கி ஏணியை நகர்த்துங்கள். சாய்த்து வைக்கும் ஏணியில் மேலே உள்ள மூன்று படிகளும் கையால் பிடிக்க மட்டும்தான்.

ஏறும்போது படிகளை வாய்விட்டு எண்ணுங்கள். இறங்கும்போது தலைகீழாக எண்ணுங்கள். ஏழு ஏறினால் ஏழு இறங்கியாக வேண்டும். அதோடு கடைசிப் படியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன். அந்தச் சிவப்பைப் பார்க்காமல் கையை விடுவதில்லை. இறங்கும்போதும் முகம் ஏணிப் பக்கம்தான்.

பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை இறங்கித் தண்ணீர் குடியுங்கள். "இன்னும் ஒரே ஒரு ஆணிதான்" என்று தோன்றும்போது கால் ஏற்கெனவே களைத்திருக்கும்.

8. ஃபேன், பரண், மாடி

ஃபேனுக்கு விரித்து நிறுத்தும் ஏணிதான் வேண்டும். முழுவதும் விரித்துத் தாழ் போடுங்கள். மடித்தபடி சுவரில் சாய்த்து ஏறினால் கால் வழுக்கும். உச்சிப் பலகை உட்கார்ந்து பார்க்கும் இடமும் இல்லை, நிற்கும் இடமும் இல்லை. ஃபேன் இறக்கை உங்கள் முகத்துக்கு நேராக வரும் உயரத்தில் நில்லுங்கள். அண்ணாந்து பார்த்து வேலை செய்தால் நம் வயதில் தலை சுற்றும், கழுத்தும் பிடிக்கும். பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி இழுத்தால் தூசி உள்ளேயே விழும், கண்ணில் விழாது. ஒவ்வொரு இறக்கையையும் உங்கள் பக்கம் சுழற்றிக்கொள்ளுங்கள், நீங்கள் அதன் பின்னால் எட்டாதீர்கள்.

பரணிலிருந்து இறக்குவது இரண்டு பேர் வேலை. மேலே இருப்பவர் விளிம்புக்கு நகர்த்திக் கொடுக்க, கீழே இருப்பவர் வாங்குகிறார். கனத்ததைச் சாக்கில் போட்டுக் கயிற்றில் இறக்கலாம்.

மாடியில் வெள்ளைப் பெயிண்டோ கசிவுப் பூச்சோ அடிக்கும்போது விளிம்பிலிருந்து தொடங்கிக் கதவை நோக்கி வாருங்கள். அப்போது பின்னால் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் நடுத் தளத்தை நோக்கித்தான் போகும். கொஞ்சம் பின்னால் போய் அழகு பார்க்கிற பழக்கத்தை மாடியில் விட்டுவிடுங்கள். காலி டேங்கில் சாயாதீர்கள்: தண்ணீரோடு ஒரு டன் நிற்கிற டேங்க், காலியானால் தள்ளினாலே நகரும். டேங்குக்குள் இறங்கிக் கழுவுவது மூன்றாவது பட்டியல்.

9. ஷீட் கூரை

சிமெண்ட் ஷீட் ஆளைத் தாங்காது. வெயிலிலும் மழையிலும் கிடந்து நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும், பார்த்தால் தெரியாது. ஆணி வரிசையில் கால் வைத்து நடந்தால் போதும் என்பார்கள். வேலைக்காரர்கள்கூடப் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுவது இன்னும் மோசம். விழும்போது அந்தக் கயிறே வயிற்றை நெரிக்கும். முழு உடல் பெல்ட் தேவைப்படும் வேலை நம்முடையது இல்லை.

10. விழுந்துவிட்டால்

விழுந்தவரை உடனே தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பதுதான் நம் ஊர் வழக்கம். செய்யாதீர்கள். கழுத்திலோ முதுகிலோ அடி இருந்தால் அந்தத் தூக்கலில் கை கால் போய்விடும். கிடந்த நிலையிலேயே விட்டு, தலை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். ஷாக் அடித்து விழுந்திருந்தால் மின்சாரத்தை நிறுத்திய பிறகே தொட வேண்டும். இடுப்பு வலித்து ஒரு கால் வெளிப்பக்கம் திரும்பிக் குட்டையாகத் தெரிந்தால் நடக்க வைத்துப் பார்க்காதீர்கள்.

சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை போட்டோ எடுத்து வீட்டில் எல்லார் போனிலும் வைத்திருங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் இடித்துக்கொண்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

மற்றவர்களுக்கும் தலையில் பட்ட அடி சில வாரம் கழித்துத் தன்னைக் காட்டலாம். மண்டைக்குள் மெதுவாகக் கசிந்த ரத்தம் தேங்கி, தலைவலி, நடையில் தள்ளாட்டம், ஞாபகப் பிசகு, பகலில் அளவுக்கு மீறிய தூக்கம் என்று வரும். வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அதனால் விழுந்த தேதியை எழுதி வையுங்கள். தினசரிக் காலண்டரில் எழுதினால் மறுநாள் கிழித்துவிடுவோம், மாதக் காலண்டரில்.